மாடிக் கதவில் எகிறிய மீட்டர்

மாஸ்டர் மேல் உங்களுக்கு என்ன அப்படியொரு கடுப்பு என்று வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். கடுப்புதான். மறைப்பானேன்? நல்ல மனுஷன் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத்தானே கெடுத்துக்கொள்வதை வாராவாரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

இந்த வாரம்தான் முதல்முறையாகப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

மாஸ்டர் என்றால் தையல்கடை மாஸ்டர். துணி வெட்டுவது அவர், தைப்பது அவர் மனைவி. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, வெளிப்புறமாகப் படி ஏறினால் மொட்டைமாடியில் ஒற்றை அறை. ஊருக்கு வெளியே அணுமின் நிலையம் வரப்போகிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து அவர் கத்தரிக்கோல் பிடித்ததைவிட மைக் பிடித்ததுதான் அதிகம். எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பேச்சும் நல்ல பேச்சு, கேட்கிற கேள்விகளும் நியாயமானவை. அதை நான் என்றைக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

இதற்கு நடுவில் அவர் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டில் புற்று. அறுத்து எடுத்தார்கள். உள்ளே மிச்சம் மீதி ஏதும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அழிக்க டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்தார். கதிர்வீசும் அயோடின். அணு உலையில் தயாராகி, ஈயப் பெட்டிக்குள் வந்த சரக்கு. அதை விழுங்கினால் கொஞ்ச நாளைக்கு அந்த உடம்பிலிருந்தே கதிர் வீசும். ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பும்போது, 'தள்ளி இருங்க, முக்கியமா பிள்ளையைத் தூக்காதீங்க' என்று சொல்லி அனுப்பினார்கள்.

அணு என்றாலே விஷம் என்று ஊரெல்லாம் பேசிய தலைவர் வீட்டிலேயே அணுவா? வெளியே தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிக்க மாட்டார்களா? மாஸ்டர் தெருவில் சொன்னது, 'அவளுக்குக் காய்ச்சல். தொத்திக்கும். மாடியில படுத்திருக்கா.' மகளைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உண்மை தெரிந்தவர்கள் மாஸ்டரும், அவர் தம்பியும், அவளும் மட்டும்தான். தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

இன்றைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரிகள் வந்து, அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்களிடம் கேட்கிற நாள். இன்றைக்கு இன்னொன்றும் உண்டு. இன்று மாலையிலிருந்து அவள் மகளைத் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஊர் எதை எதிர்பார்த்திருந்ததோ, அவள் எதிர்பார்த்திருந்தது இந்த ஒன்றை மட்டும்தான்.

காலையில் மாஸ்டர் காபி டம்ளரை மேல்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார். தட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கி நின்றுகொண்டார். டாக்டரம்மா சொன்ன தூரத்தைவிட இது ரொம்பவே அதிகம். அவளும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள், வாய்விட்டுக் கேட்டதில்லை.

கதவு திறந்தது. தலைக்குக் குளித்திருந்தாள். தழும்பு தெரியாதபடி உயரக் கழுத்து வைத்து அவளே தைத்த சட்டை போட்டிருந்தாள்.

"இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுதுங்க," என்றாள்.

"எது?"

"எதுன்னு கேக்கறீங்களே. வாலுவை இன்னிக்குத் தூக்கலாம்னு சொன்னாங்க இல்ல? உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

வாலு என்பது மகள். ஏழு வயது. உட்கார்ந்த இடத்தில் உட்காராத பிள்ளை, அந்தப் பெயர் வேறு யாருக்கும் பொருந்தாது.

"இன்னிக்குக் கூட்டமாச்சே," என்றார் மாஸ்டர்.

"கூட்டத்துக்கும் என் பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரு பூரா ஆள் நடமாட்டமா இருக்கும். நீ பாட்டுக்கு இறங்கி வந்து நின்னா, காய்ச்சல் விட்டுதா, எந்த டாக்டர், என்ன மாத்திரைன்னு ஆளாளுக்குத் துருவுவாங்க. நாளைக்கு வெச்சுக்கலாமே."

"நாளைக்கு வான்னு சொல்ல இது என்ன ட்ரையல் பாக்கற சட்டையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் மனசு கொஞ்சம் இளகியது. "சரி சரி. தங்கச்சி கூட்டத்துக்கு வருவா. வாலுவையும் கூட்டிட்டுத்தான் வருவா. முடிஞ்சதும் நேரா இங்கதான். போதுமா?"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"அட, சொன்னா சொன்னதுதான்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "கழிவை எங்க வெப்பீங்கன்னு கேக்க மறந்துடாதீங்க. ஆஸ்பத்திரியில நான் போன பாத்ரூம் தண்ணிக்கே தனியா தொட்டி கட்டி வெச்சிருக்காங்க. சாக்கடையில விடமாட்டாங்களாம். ஒரு ஆளுக்கே அப்படின்னா, அவ்வளவு பெரிய ஆலைக்கு என்ன செய்வாங்க? இதைக் கேளுங்க. எந்த ஆபீசரும் திணறுவான்."

மாஸ்டருக்குக் கண் விரிந்தது. அப்புறம் முகம் சுருங்கியது. "நல்ல கேள்விதான். ஆனா எந்த ஆஸ்பத்திரி, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா நான் எங்க போறது?"

இதற்குத்தான் சொல்கிறேன், கடுப்பு என்று. கையில் இருந்த நல்ல கேள்வியைக்கூடக் கேட்க முடியாத இடத்துக்கு அந்தப் பொய் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அவர் போன சூட்டோடு தம்பி வந்து படியில் உட்கார்ந்தான். வெல்டிங் வேலை. நிலையம் வரப்போகிற இடத்தில் இப்போதைக்கு வேலி போடுகிறார்கள், அதில் இவன் கூலிக்குப் போகிறான். நிலையம் வந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். பெண் பார்த்த வீட்டிலும் நிரந்தரமான வேலையா என்றுதான் கேட்கிறார்கள்.

"அண்ணி, ஒரு விஷயம்..."

"நீ இழுக்கறப்பவே தெரியுது, ஏதோ வில்லங்கம்னு."

"இன்னிக்குக் கூட்டத்துக்கு நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். எனக்கு இந்த நோய் வந்துது, என்னைக் காப்பாத்தினது இந்த அணுதான்னு. அவ்வளவுதான். அண்ணன் கோஷ்டி கப்சிப்னு ஆயிடும்."

"உங்க அண்ணன் வாயை அடைக்க நான்தான் கெடைச்சேனா?"

"நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலையே அண்ணி."

"பொய் இல்லதான். அந்த மாத்திரை இல்லைன்னா என் கதி என்னவோ. ஆனா ஒண்ணு சொல்லு. நாளைக்கு அந்த ஆலையில ஏதோ கசிஞ்சு, யாரோ பெத்த பிள்ளைக்கு இதே மாதிரி கழுத்துல கட்டி வந்தா, அன்னிக்கும் என்னைத்தான் கூப்பிட்டு மேடையில நிக்கவெப்பியா? இந்த நோய் அதாலயும் வரும்னு டாக்டரம்மாவே சொன்னாங்க."

தம்பி எழுந்து போகப் பார்த்தான்.

"உங்க அண்ணன் என்னை ஒளிச்சு வெக்கணும்ங்கறாரு. நீ எடுத்துக் காட்டணும்ங்கற. ஆக மொத்தம் ரெண்டு பேருக்கும் நான் ஒரு சாமான்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணி."

"வேற எப்படிப் பேசறது? யார்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன்னு சொன்னே இல்ல, அதை மட்டும் காப்பாத்து. எனக்கு ஊரும் வேணாம், உலையும் வேணாம். சாயங்காலம் என் பொண்ணு வரணும்."

"சொல்ல மாட்டேன் அண்ணி. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உச்சி வெயிலில் மீட்டர் வந்தது.

அதைப் பற்றிச் சொல்லவேண்டும். கதிர்வீச்சை அளக்கிற கருவி. குழுவினர் சேர்ந்து வாங்கியது. யோசனை மாஸ்டருடையது, நல்ல யோசனையும்கூட. நிலையத்துக்கு ஒரு செங்கல் வைக்கும் முன்பே தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மொட்டைமாடியிலும் அளந்துவிடுவது. பிற்பாடு ஏதாவது கூடினால், 'இது முன்னாலயே இப்படித்தான் இருந்துது' என்று எவனும் கைகழுவ முடியாது.

அப்படியானால் தன் வீட்டு மாடியில் என்ன ஆகும் என்று மாஸ்டர் யோசிக்கவில்லையா? யோசித்தார். யோசித்துத்தான் தப்பான முடிவுக்கு வந்தார். இத்தனை மாதம் கதிர் கதிர் என்று பேசியவர், மருந்தில் வருகிற கதிர் வேறு ரகம், ஆலையில் வருகிற கதிர் வேறு ரகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நல்லது செய்கிற ஒன்றைப் போய் மீட்டர் காட்டிக்கொடுக்குமா என்பது அவர் கணக்கு. மீட்டருக்கு நல்லது கெட்டது தெரியாது.

கருவியைப் பிடித்து வந்தவர் செல்போன் கடைக்காரர். குழுவில் பொத்தானைக் கண்டு பயப்படாத ஆள் அவர் ஒருவர்தான். பின்னால் குழுவினர் நாலைந்து பேர். வாசலில் அளந்தார்கள், டிக்... டிக்... என்று சாவகாசமாக அடித்தது. "சுத்தம்," என்றார் கடைக்காரர். படியேறப் போனார்.

"மாடி வேணாம்பா. காய்ச்சல்காரி படுத்திருக்கா," என்றார் மாஸ்டர்.

"கதவுக்கு வெளியவே நின்னு பாத்துட்டு வந்துடறேன் மாஸ்டர். தலைவர் வீட்டை மட்டும் விட்டுட்டாங்கன்னு நாளைக்கு எவனாவது நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவான்."

ஏறிவிட்டார். மாஸ்டரும் பின்னாலேயே ஏறினார்.

உள்ளே அவள் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாலுவின் பழைய கவுனுக்கு மடிப்பை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள், பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று. காலடிச் சத்தம் கேட்டு எழுந்து கதவருகே வந்து காது கொடுத்தாள்.

வெளியே டிக்டிக்டிக் என்று வேகம் பிடித்தது.

ஓரடி பின்னால் வைத்தாள். சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது. தெரியாமல் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். திரும்பவும் எகிறியது. என்ன கருவி, எதற்கு வந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கால் வைத்த சத்தம் கேட்காமல், எதிர்ச் சுவர்வரை பின்வாங்கிப் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். சொந்த வீட்டில், திருடி மாதிரி.

"என்ன மாஸ்டர் இது? இப்படி எகிறுது, அப்படி இறங்குது? உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"அது வந்து..." மாஸ்டர் மென்று விழுங்கினார். "தம்பியோட சாமான் கெடக்குது. சைட்டுக்குப் போட்டுட்டுப் போற துணி, கையுறை, அது இது."

"காய்ச்சல்காரி படுத்திருக்கற ரூம்லயா?"

"ஒரு மூலையில."

கடைக்காரர் மீட்டரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். "சைட்டுல இன்னும் ஒண்ணுமே வரலையே மாஸ்டர். வெறும் வேலிக்குப் போனதுக்கே துணியில இவ்வளவு ஒட்டிட்டு வருதுன்னா..." அவர் குரல் இறங்கியது. "அப்ப நமக்குச் சொல்லாம எதையோ கொண்டுவந்து இறக்கிட்டானுங்க. அப்படித்தானே?"

பொய்யின் மிச்சத்தை அவரே தைத்து முடித்துவிட்டார். மாஸ்டர் செய்யவேண்டியிருந்தது தலையாட்டுவது மட்டும். ஆட்டினார்.

அவள் நினைத்திருந்தால் கதவைத் திறந்து, நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? சொன்னால் சாயங்காலம் வாலு வரமாட்டாள். அந்த ஒரே காரணம். சுவரோடு ஒட்டி நின்றபடி, எல்லாரும் இறங்கிப் போகிறவரை கவுனைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் தெருக்கோடியில் உள்ள சமுதாயக் கூடத்தில். உள்ளே இடம் போதாது என்று விளக்குக் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மாடி ஜன்னலில் உட்கார்ந்தபடியே அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

சலவைக்கடைக்காரர் பேசினார். "கரண்ட் போய்ப் போய் வருது, இஸ்திரிப் பெட்டி ஆறிப்போகுது. கரி எரிச்சா இருமல்ங்கறான், அணை கட்டினா ஊரையே முழுகடிக்கறான். எதையாவது ஒண்ணை வெச்சுத்தானே பொழைக்கணும்? வரட்டும்யா."

பால் ஊற்றுகிற அம்மா பேசினாள். "ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களையெல்லாம் பஸ்ஸுல ஏத்திக் கூட்டிட்டுப் போவீங்களாம். சாதா நாள்லயே எங்க தெருவுக்கு பஸ் வரமாட்டேங்குது. அன்னிக்கு மட்டும் டிரைவர் உசுரை விட்டுட்டு வருவாரா?" கூடம் சிரித்தது.

ஓய்வுபெற்ற தபால்காரர், "அவ்வளவு பத்திரமானதுன்னா அதை ஏன் ஊருக்கு ஒதுக்குப்புறமா கட்டறீங்க? உங்க ஆபீஸ் பக்கத்துலயே கட்டிக்குங்களேன்," என்றார்.

அதிகாரி எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "கருத்து பதிவு செய்யப்பட்டது. துளியளவும் ஆபத்து கிடையாது. யாரும் பயப்பட வேண்டாம்."

மாஸ்டர் முறை வந்தது. நல்லபடியாகத்தான் தொடங்கினார். ஆஸ்பத்திரித் தொட்டிப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு, கழிவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். எத்தனை தலைமுறைக்கு அதைக் காவல் காப்பீர்கள், யார் காப்பார்கள் என்று கேட்டார். மேலே இருந்தவளுக்கு அந்தக் குரலைக் கேட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பதிவு செய்யப்பட்டது," என்றார் அதிகாரி. கூட்டம் கொட்டாவி விட்டது.

"மாஸ்டர், அந்த மீட்டர் விஷயத்தைச் சொல்லுங்க," என்று செல்போன் கடைக்காரர் கத்தினார்.

அங்கே மாஸ்டர் வேண்டாம் என்று கையைக் காட்டியிருக்கலாம். கொட்டாவி விட்ட கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தார். பேச்சாளனுக்கு அதைவிடப் போதை கிடையாது.

"சொல்றேன்," என்றார். "இன்னிக்கு என் வீட்டு மாடியில இந்த மீட்டரை வெச்சோம். தெருவுல எங்கயும் இல்லாத அளவுக்கு எகிறுது. வேலி போடப்போன என் தம்பி துணியில ஒட்டிக்கிட்டு என் வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு. இன்னும் அடிக்கல்லே நாட்டலை. அதுக்குள்ள இப்படி. அது இருக்கற ரூமுக்குள்ள என் பிள்ளையை நான் விடுவேனா? நீங்க விடுவீங்களா? அதைத் தொட்டவன் தப்பிக்க முடியுமா?"

கூடம் கிடுகிடுத்தது. யாரோ தம்பியின் சட்டையைப் பிடித்தார்கள். "எங்க வீட்டுப் பக்கம் வந்தியேடா, என்னடா கொண்டாந்தே?" என்ற குரல் மைக்கிலேயே கேட்டது. தம்பியோடு வேலிக்குப் போன மற்றவர்களையும் ஜனங்கள் வளைத்துக்கொண்டார்கள். அடி விழுந்தது.

அடுத்துக் கேட்டது தம்பியின் குரல். மைக்கைப் பிடுங்கியிருக்கவேண்டும், கரகரவென்று இழுபட்டது.

"அது என் துணியில்ல. என் சாமானும் இல்ல. எங்க அண்ணி. கேன்சருக்கு அணு மாத்திரை சாப்பிட்டிருக்காங்க. அவங்க உடம்புல இருந்து வருது. இவருக்கு எல்லாம் தெரியும். வேணும்னா கேளுங்க."

பிறகு அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பொழுதெல்லாம் தூங்கி வழிந்த குரலில் திடீரென்று தேன் சொட்டியது.

"பார்த்தீர்களா? அணு உயிரைக் காக்கிறது. அந்தச் சகோதரிக்கு என் வாழ்த்துகள். இதைவிட என்ன சான்று வேண்டும்?"

புருஷன் ஒரு பக்கம், கொழுந்தன் ஒரு பக்கம், முன்பின் தெரியாத அதிகாரி ஒரு பக்கம். அவள் உடம்பை ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வாலு அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்புதான் வந்தது.

மாலை வெயில் இறங்கும்போது எதிர்ச்சாரியில் ஆட்கள் நின்றார்கள். வழக்கமாக அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள்தான். மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தி கடைக்குள் தைத்து மாட்டியிருந்த தன் சட்டையைக் காட்டி, "அதை நான் வாங்கிக்கல," என்று யாரிடமோ சொன்னாள்.

கூட்டம் முடியும் முன்பே மாஸ்டர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். பின்னால் அவர் தங்கை. தங்கையின் கையைப் பிடித்தபடி வாலு. செல்போன் கடைக்காரரும் குழுவினரும் வாசலுக்கு வெளியேயே நின்றுவிட்டார்கள்.

அவள் படியிறங்கினாள். நான்கு படி மிச்சமிருந்தபோது நாத்தனார் பிள்ளையோடு பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல. இன்னிக்கோட பயம் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ தள்ளி நின்னாலும் பரவாயில்ல, பிள்ளையை மட்டும் விடு." அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டாள், உயரமாகத் தெரியக்கூடாது என்று. கையை நீட்டினாள். "வாடி வாலு. என்னடி, நெட்டையாயிட்ட?"

வாலு வரவில்லை. ஓரிடத்தில் நிற்காத பிள்ளை ஆணி அடித்த மாதிரி நின்றது.

"அம்மா, உன்னைத் தொட்டா நான் செத்துப்போயிடுவேனா?"

"இல்லடி செல்லம். அம்மாவுக்கு சரியாயிடுச்சு."

வாலு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஊருக்கே எது ஆபத்து எது இல்லை என்று சொன்னவர் அவர்தானே? பிள்ளைக்கு அவர் வாக்கு வேதவாக்கு. "அப்பா, அம்மா சொல்றது நெசமா?"

'ஆமாண்டி, போ.' அவ்வளவுதான் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் வாழ்நாளில் பேசிய எந்தப் பேச்சும் அத்தனை சின்னது இல்லை, அத்தனை அவசியமானதும் இல்லை. மாஸ்டருக்கும் அது தெரிந்தது. உதடு பிரிந்தது. பிரிந்த உதட்டோடு வாசலைப் பார்த்தார். செல்போன் கடைக்காரர் கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் யாரும் அசையவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் அத்தை வீட்டுலயே இருடா," என்றார் மாஸ்டர். "அப்புறம் பாத்துக்கலாம்."

பிள்ளைக்கு அது பதிலாகிவிட்டது. அத்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஒரு வார்த்தைங்க," என்றாள் மெதுவாக. "சொல்லியிருந்தா எதுல கொறைஞ்சு போயிருப்பீங்க?"

"இத்தனை பேர் நிக்கறப்ப எப்படிம்மா..."

"இத்தனை பேருக்கு முன்னாலதான் என்னை அதுன்னு சொன்னீங்க. தொட்டவன் தப்பிக்க முடியுமான்னு கேட்டீங்க. அப்ப மட்டும் வாய் வந்துதே."

அடிபட்ட தம்பி உதட்டில் துணியை ஒற்றியபடி வாசலோரம் வந்து நின்றான். "மன்னிச்சிடுங்க அண்ணி," என்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. 'வேறு யாராவது கருத்துச் சொல்ல விரும்பினால் மேடைக்கு வரலாம். கூட்டம் முடியப்போகிறது.'

அவள் எழுந்தாள். மாஸ்டரைத் தாண்டி வாசலைக் கடந்து தெருவில் இறங்கினாள். தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பெரிய மனுஷர்களுக்குக்கூட இந்தத் தெரு இவ்வளவு அகலமாக வழிவிட்டதில்லை.

"எங்க போற? நில்லு, சொன்னா கேளு," என்று மாஸ்டர் பின்னால் வந்தார். கையைப் பிடித்து நிறுத்த அவருக்குத் துணிவு வரவில்லை. ஏன் என்று நான் சொல்லவேண்டாம்.

கூடத்தில் நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக ஒதுங்கினார்கள். அவள் மேடையேறினாள். துளியளவும் ஆபத்து கிடையாது என்று நாள் முழுக்கச் சொன்ன அதிகாரி, அவள் பக்கத்தில் வந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஒரு காலால் தரையை உந்தி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அவள் பார்த்தாள். சிரித்தேவிட்டாள். பொழுது விடிந்ததிலிருந்து அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு. பார்க்க நன்றாக இல்லை.

"ஆதரவா அம்மா? எதிர்ப்பா?" என்று அதிகாரி தூரத்திலிருந்தே கேட்டார்.

அவள் பதில் சொல்லாமல் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"உங்க யார்கிட்டயும் பேச நான் வரல," என்றாள். குரல் நடுங்கவில்லை. "என் பொண்ணு எங்க வீட்டு வாசல்ல நிக்கிறா. என் பக்கத்துல வர பயப்படறா. இதுல பேசினா அவளுக்குக் கேக்கும்."

தெருவில் வாலு அத்தையின் கையை உதறிக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.